காலை நேரத்து ஜாக்கி

த்ரான்கெபார் முனையில் இருக்கிற சீனக் கடைக்குப் போய் சில்வியோ பெரின் என்று பெயரைச் சொல்லிப் பாருங்கள். ரம் கிளாஸைக் கீழே வைக்காமலே நாலு பேர் சொல்வார்கள், "காசு வாங்கிக்கிட்டு ரேஸை வித்தவன்தானே?" என்று. நாக்கில் நரம்பில்லாதவர்கள். அந்த நாலு பேரில் ஒருவன்கூட ஒரு நாளாவது விடியற்காலையில் எழுந்து ஷான் தெ மார்ஸ் குதிரைப் பந்தய மைதானத்துக்கு வந்தவன் கிடையாது. எல்லாரும் சனிக்கிழமை மத்தியானம் பிரியாணிப் பொட்டலத்தோடு வருகிறவர்கள். நான் முப்பத்தொரு வருஷம் குதிரைக்குத் தண்ணீர் காட்டியவன், சாணி அள்ளியவன், காயத்துக்கு மருந்து போட்டவன். அன்றைக்கு அந்தக் குதிரையை ஜாக்கியோடு நடத்திக் கூட்டிக்கொண்டு போனது இந்தக் கை. அதனால் முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள். அப்புறம் கடைக்குப் போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில்வியோ குள்ளம். ஐம்பத்துமூன்று கிலோ, காது இரண்டும் வெளியே விடைத்துக்கொண்டு நிற்கும். பயிற்சியாளர் முசே தெலோர்மின் லாயத்தில் அவனுக்கும் எனக்கும் ஒன்றாகத்தான் வேலை. குதிரையைப் பார்த்துக்கொள்வது நான், காலையில் ஏறி ஓட்டுவது அவன். ஓட்டுவது என்றால் பந்தயத்தில் இல்லை. எங்கள் தீவில் குதிரை தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும், ஜாக்கி விமானத்தில் வருவான். நாங்கள் மட்டும்தான் இங்கேயே பிறந்தவர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை குதிரையைப் பழக்கி, அதன் கோபத்தையும் பயத்தையும் தெரிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் வெள்ளைக்கார ஜாக்கியிடம், "சார், இவனை இடது பக்கம் அடிக்காதீங்க, பிடிக்காது" என்று சொல்லிக் கொடுக்கிற வேலை சில்வியோவுடையது. சனிக்கிழமை அவன் என் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். குதிரை ஜெயித்தால் போட்டோ எடுப்பார்கள். முதலாளி, முதலாளி மனைவி, முசே தெலோர்ம், ஜாக்கி. அந்தப் போட்டோக்கள் லாயத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும். நாலு போட்டோவில் குதிரையின் வயிற்றுக்குக் கீழே சில்வியோவின் கால் மட்டும் தெரியும்.

"என் காலுக்கு நல்ல முகவெட்டுண்ணே," என்பான். சிரிப்பான். எனக்குத்தான் வயிறு எரியும்.

அவனுக்கு ஜாக்கி லைசென்ஸ் இருந்தது. வருஷா வருஷம் புதுப்பிப்பான். பதினோரு வருஷத்தில் பத்தொன்பது பந்தயம் ஓட்டியிருக்கிறான், எல்லாம் யாரும் ஏற விரும்பாத கிழட்டுக் குதிரைகள். ஒன்றிலும் ஜெயித்ததில்லை.

கல்யாணம் ஆகவில்லை. கோழிக்கு முன்னால் எழுகிறவனை எவள் கட்டுவாள் என்று அவனே கேட்பான். வீட்டில் அவனும் அவன் அப்பாவும்தான். அப்பா பெயர் ஃபிலிபேர். துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கியவர். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சட்டைக்குள் ஒரு பொட்டலம் சர்க்கரை வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். இவர் முப்பத்தெட்டு வருஷமும் கடையில் விலை கொடுத்து வாங்கித்தான் தேநீரில் போட்டார். அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவும் செய்வார், கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வருகிற அளவுக்கு. ஒன்பது வயதிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறாமல் மைதானத்துக்கு வந்தவர். வெற்றிக் கம்பத்துக்குப் பக்கத்தில் கம்பி வேலியில் அவருக்கென்று ஒரு இடம். அங்கே வேறு யாராவது நின்றால் சுற்றி இருக்கிறவர்களே நகரச் சொல்லிவிடுவார்கள். "அதோ போகுது பாருங்க, என் பையன் காலையில ஓட்டுற குதிரை," என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார். ஒரு சனிக்கிழமையாவது என் பையன் ஜெயித்து வருவதைப் பார்த்துவிட்டால் போதும், அதற்கப்புறம் மாதா எப்போது கூப்பிட்டாலும் போகத் தயார் என்று என்னிடமே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

இப்போது இன்னொரு கம்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது புரியாமல் மற்றது புரியாது.

காலையில் குதிரைகள் ஓடும்போது ஸ்டாண்டின் மேல்படியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், கையில் ஸ்டாப் வாட்ச். எந்தக் குதிரை எத்தனை நொடியில் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு போய் ஊர் முழுக்கப் பரப்புவதுதான் அவர்கள் பிழைப்பு. முசே தெலோர்முக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. தன் குதிரையின் உண்மையான வேகம் எவனுக்கும் தெரியக் கூடாது என்று ஒரு கட்டளை போட்டிருந்தார். காலை ஓட்டம் எதுவானாலும் கடைசித் திருப்பத்தில், முடிவுக்கு இருநூறு மீட்டர் முன்னால் இருக்கிற கம்பத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டிப் பாய்ச்சலில் போகக் கூடாது. அதனால் சில்வியோ அந்தக் கம்பம் வந்ததும் சேணத்தில் கொஞ்சம் எழுவான், குதிரையின் கழுத்தைத் தட்டி, "போதும்டா ராசா," என்பான். குதிரை காதைப் பின்னால் மடித்துக் கேட்கும், வேகத்தைக் குறைக்கும். தினமும் இப்படித்தான், வருஷக் கணக்கில்.

சனிக்கிழமை குதிரைக்கு இந்தக் குழப்பம் வராது. முதுகில் வேறு ஆள், வேறு வாடை, கையில் சாட்டை. அது வேறு வேலை என்று அதற்குத் தெரியும். கேப்டன் என்று நாங்கள் கூப்பிட்ட செம்பழுப்புக் குதிரை மூன்று சீசனில் ஐந்து பந்தயம் ஜெயித்தது, ஐந்தும் வெள்ளைக்காரன் ஓட்டி. ஆனால் அவனுக்குச் சில்வியோ என்றால் உயிர். சில்வியோ லாயத்து வாசலில் நுழையும்போதே கனைப்பான்.

அந்த ஜூலை மாதச் சனிக்கிழமை ஐந்தாவது பந்தயத்தில் கேப்டன்தான் ஓடுவதாக இருந்தான். ஊரே அவன் மேல்தான் பணம் கட்டியிருந்தது. எங்கள் தென்னாப்பிரிக்க ஜாக்கி முந்தின நாள் எங்கேயோ ஆக்டோபஸ் குழம்பை வயிறு முட்டத் தின்றுவிட்டு, இரண்டாவது பந்தயம் முடிந்ததும் குளியலறைக்குள் போனவன் வெளியே வரவில்லை. மற்ற ஜாக்கிகள் எல்லாருக்கும் குதிரை இருந்தது. முசே தெலோர்ம் தலையைச் சொறிந்துகொண்டு லாயத்துக்கு வந்தார். சில்வியோ வாளியோடு நின்றுகொண்டிருந்தான்.

"சில்வியோ, போய் சட்டை மாத்து. நீதான் ஓட்டுற."

பட்டுச் சட்டை அவனுக்குப் பெரிசு. முதுகுப்பக்கம் நான்தான் ஊக்குப் போட்டு இழுத்துப் பிடித்துவிட்டேன்.

"அண்ணே, கை நடுங்குது."

"நடுங்கட்டும். குதிரைக்குத் தெரியாம நடுங்கு."

செய்தி எப்படித்தான் பரவியதோ, ஃபிலிபேர் கம்பி வேலியை விட்டுவிட்டு, குதிரைகளைச் சுற்றி நடத்துகிற இடத்துக்கு வந்து நின்றார். கூப்பிடவில்லை, கை ஆட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, பூசை நேரத்தில் நிற்கிற மாதிரி நின்றார். சில்வியோ அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். அப்புறம் அவர் திரும்பித் தன் இடத்துக்கு ஓடினார். எழுபத்திரண்டு வயசு மனிதர் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினதை நான் பார்த்தேன்.

பந்தயம் ஆரம்பித்தது. கேப்டன் நன்றாகக் கிளம்பினான். மலைப்பக்கத்து ஓட்டத்தில் முன்னுக்கு வந்தான். கடைசித் திருப்பத்துக்கு வரும்போது இரண்டு குதிரை நீளம் முன்னால் இருந்தான். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தம் போட்டதில்லை. தொண்டை கட்டிவிட்டது. ஒலிபெருக்கியில் பெரின், பெரின் என்று அவன் பெயர். அப்போது அந்தக் கம்பம் வந்தது.

கேப்டன் காதைப் பின்னால் மடித்தான். சில்வியோவின் முதுகு ஒரு விரற்கடை மேலே எழும்பியது. எது முன்னால், எது பின்னால் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மூன்று எட்டு, அவ்வளவுதான். அந்த மூன்று எட்டில் குதிரை தன் காலை வேலையை முடித்துவிட்ட மாதிரி தளர்ந்தது. உடனே சில்வியோ அதன் கழுத்தோடு படுத்தான், கத்தினான், சாட்டையை எடுத்தான். கேப்டன் சில்வியோவிடம் ஒரு நாளும் அடி வாங்கினதில்லை. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்ப வேகம் பிடிப்பதற்குள் வெளிப்பக்கத்தில் வந்த சாம்பல் குதிரை எட்டிவிட்டது. ஒரு மூக்கு அளவில் தோற்றோம்.

கூட்டம் எறிய ஆரம்பித்தது. ஆரஞ்சுத் தோல், தண்ணீர் பாட்டில், செருப்பு. "திருடன், திருடன்" என்று ஸ்டாண்டிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் ஒரே குரல். நான் ஓடிப்போய் குதிரையைப் பிடித்தேன். சில்வியோ கீழே இறங்கிச் சேணத்தை அவிழ்த்துக்கொண்டே என் காதோரமாகக் கேட்டான்.

"அண்ணே, நான் எழுந்தேனா, அவன் நின்னானா?"

"வாயை மூடிட்டு நட," என்றேன்.

கம்பி வேலியைப் பார்த்தேன். ஃபிலிபேர் நிற்கிற இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அவர் முகத்துக்கு நேராக என்ன சொன்னார்களோ தெரியாது. நடந்தே வீட்டுக்குப் போயிருந்தார்.

அன்று சாயந்திரமே பந்தயக் கிளப்பில் விசாரணை. வீடியோவை நாலு தரம் ஓட்டிக் காட்டினார்கள். ஜெயிக்கிற குதிரையில் கம்பத்துக்கிட்டே ஏன் எழுந்தாய் என்று கேட்டார்கள். குதிரை இடறியது என்றோ, எதையோ பார்த்து மிரண்டது என்றோ சொல்லியிருந்தால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டிருப்பார்கள். இந்த மடையன், "எனக்கே தெரியலை சார்," என்றான். உண்மையைச் சொன்னானாம். முசே தெலோர்மைக் கேட்டார்கள். காலையில் கம்பத்தோடு நிறுத்தச் சொன்னது நான்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. ஸ்டாப் வாட்ச்காரர்களுக்குத் தன் தந்திரம் தெரிந்துவிடுமாம். "கடைசிவரைக்கும் ஓட்டச் சொல்லித்தான் அனுப்பினேன்," என்று மட்டும் சொன்னார். அதில் பொய் இல்லைதான். என்னை யாரும் கேட்கவில்லை. சாணி அள்ளுகிறவனை எதற்குக் கேட்க வேண்டும்? பதினெட்டு மாதம் தடை என்று எழுதினார்கள். லாயத்துக்குள் கால் வைக்கக் கூடாது, குதிரையைத் தொடக் கூடாது.

சில்வியோ சிமெண்டுக் கல் அறுக்கிற யார்டில் வேலைக்குச் சேர்ந்தான். பஸ்ஸில் ஏறினால், "கடிவாளத்தை இழுத்துப் பிடிங்கப்பா, பஸ் ஜெயிச்சிடப்போகுது," என்பான் ஒருவன். பஸ் முழுக்கச் சிரிக்கும். அதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். வீட்டில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்பா சமைத்துத் தட்டில் போட்டு மேஜையில் மூடி வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். திட்டவில்லை, ஏசவில்லை, வீட்டை விட்டுப் போ என்று சொல்லவில்லை. சனிக்கிழமை மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். மத்தியானம் அங்கிருந்து வரும் கூச்சல் எங்கள் தெருவுக்கே கேட்கும். அவர் ரேடியோவைப் போடாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கம்பத்தைப் பற்றி, கட்டளையைப் பற்றி, எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சுப்ரையா, நீ அவன் கூட்டாளி. கூட்டாளின்னா இப்படித்தான் பேசணும். பேசலேன்னா நீ மனுஷனே இல்லை. ஆனா என்னை நம்பச் சொல்லாதே."

"நம்பாம என்ன பெரியவரே? உங்க வளர்ப்பு அவன்."

"அதுக்குத்தான் சொல்றேன். ஏழை. முப்பத்தாலு வயசு. ஒருத்தன் வந்து ஆசை காட்டியிருப்பான், சறுக்கிட்டான். எனக்குப் புரியாதா? அவன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த நிமிஷமே மன்னிச்சிடுறேன்."

"சொல்றதுக்கு எதுவும் இல்லையே."

"நாப்பதாயிரம் பேர் பார்த்தாங்கடா. நானும் பார்த்தேன். அவன் எழுந்தான்."

எழுந்தான்தானே. சில்வியோவும் எத்தனையோ தரம், "நான் விக்கலைப்பா," என்று சொல்லிப் பார்த்தான். "சரி," என்பார், எழுந்து போய்விடுவார். அந்த ஒரு சொல்லை விட நாலு அறை அறைந்திருக்கலாம் என்று சில்வியோ என்னிடம் சொன்னான்.

பதினைந்து மாதம் இப்படியே போனது. அக்டோபரில் ஃபிலிபேருக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதா கோயில் சாமியார் வந்தார். கிழவர் சாகுமுன் கொடுக்கிற நற்கருணை அப்பத்தை வாங்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு வாங்க முடியாதாம். சில்வியோவைக் கூப்பிடு என்றார். யார்டிலிருந்து அப்படியே ஓடி வந்தான், நகமெல்லாம் சிமெண்டு. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன், சாமியார் ஜன்னலோரம்.

"சில்வியோ," என்றார் கிழவர். மூச்சு கிர்கிர் என்றது. "எனக்கு நேரம் இல்லை. சொல்லுடா. சொன்னா முடிஞ்சிடும்."

"அப்பா..."

"சொல்லுப்பா. உன்னைக் கோபத்தோட விட்டுட்டுப் போகச் சொல்லாதே. பயமா இருக்குடா."

சில்வியோ என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு நான் செய்த தப்பு அதுதான். நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

"ஆமாப்பா," என்றான். "வித்தேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத் தெரியாத ஆளு. புத்தி கெட்டுப்போச்சு."

கிழவர் கண்ணை மூடினார். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. கையைத் தூக்க முடியாமல் தூக்கி மகன் தலைமேல் வைத்தார். "போகட்டும் விடு. முடிஞ்சது. எல்லாம் முடிஞ்சது." பதினைந்து மாதத்துக்கு அப்புறம் மகனைத் தொட்டார். நற்கருணை வாங்கச் சாமியாரைப் பார்த்து வாயைத் திறந்தார்.

வராந்தாவில் நான் சில்வியோவின் சட்டையைப் பிடித்தேன். "ஏன்டா சொன்னே? எதுக்குடா செய்யாத தப்பை ஒத்துக்கிட்டே?"

"அண்ணே, அவர் சாகப்போறார். சாகப்போறவர்கிட்ட ஜெயிச்சு நான் என்ன பண்ணப்போறேன்?"

ஆனால் அவர் சாகவில்லை. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் கஞ்சி கேட்டார். பன்னிரண்டாம் நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் படி ஏறினார். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. சில்வியோ மட்டும் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அதையும் சொல்ல வேண்டும். அப்பாவும் மகனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிழவர் பழையபடி துறைமுகத்துக் கதையெல்லாம் சொன்னார். மகனுக்கு மீன் முள்ளை எடுத்துப் போட்டார், முப்பத்தைந்து வயசுக்காரனுக்கு.

சீசன் முடிகிற நேரத்தில் ஒரு சனிக்கிழமை தொப்பியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். கம்பி வேலியில் தன் இடத்தில் நின்றார். பக்கத்தில் ஒருவன் ஏதோ குத்தலாகச் சொல்லியிருக்கிறான். கிழவர் தலை நிமிர்ந்து பதில் சொன்னாராம்: "என் பையன் தப்புப் பண்ணினான், ஆமா. எங்கிட்ட அவனே ஒத்துக்கிட்டான். உன் பையன் உங்கிட்ட என்னத்தை ஒத்துக்கிட்டிருக்கான், சொல்லு பார்ப்போம்." அதற்கப்புறம் வாரா வாரம் இதே பேச்சு. பெருமையாகச் சொல்வார். சர்க்கரையைப் பற்றிச் சொன்ன மாதிரியே.

"டேய், இப்பவாவது அவர்கிட்ட உண்மையைச் சொல்லு," என்றேன்.

"முடியாதண்ணே. அந்த மூஞ்சியைப் பதினஞ்சு மாசம் பார்த்தேன். இன்னொரு தரம் பார்க்கத் தெம்பு இல்லை. அதுவுமில்லாம, அந்தப் பொய்யை நம்பித்தானே அவர் நற்கருணை வாங்கினார். பொய்யின்னு தெரிஞ்சா என்ன ஆவார்?"

நானும் விட்டுவிட்டேன். கம்பி வேலிப் பேச்சை மேலே இருக்கிறவர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். அது சரியாகத்தான் இருந்தது. ஊர் வம்பை அவர்கள் சட்டை செய்யவில்லை.

ஜனவரியில் தடை முடிந்தது. லைசென்ஸைத் திருப்பிக் கேட்டு மனுப் போட வேண்டும், விசாரணைக் குழு கூப்பிட்டுப் பேசும். இந்தத் தரம் நான் சும்மா இருக்கவில்லை. முசே தெலோர்மின் முன்னால் போய் நின்றேன். கம்பத்துக் கட்டளையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் நாளைக் காலையிலிருந்து உங்கள் பதினாலு குதிரைக்கும் நீங்களே தண்ணீர் காட்டுங்கள் என்றேன். முகம் சிவந்து கத்தினார். அப்புறம் எழுதிக் கொடுத்தார். அவருக்கும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

குழுவில் மூன்று பேர். ஃப்ளாம்பாயான் மரத்துச் சிவப்புப் பூ மாடி ஜன்னல் வரைக்கும் கொட்டிக் கிடந்த நாள், தாங்க முடியாத புழுக்கம். தலைவர் கடிதத்தைப் படித்தார். என்னைக் கேட்டார். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். குழுவில் இருந்த வயசான டாக்டர் ஒருவர், இரண்டு காலை தானே மைதானத்துக்குப் போய்ப் பார்த்ததாகவும், எங்கள் லாயத்துக் குதிரைகள் அந்தக் கம்பத்தில் யாரும் சொல்லாமலே தளர்வதைக் கண்ணால் கண்டதாகவும் சொன்னார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பெரின், நாங்கள் அவசரப்பட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. லைசென்ஸ் மட்டுமில்லை, பழைய தீர்ப்பையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்," என்றார். நான் சில்வியோவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது கதவைத் தட்டினார்கள்.

ஃபிலிபேர். கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி, மாடிப்படி ஏறிய மூச்சு இரைப்பு. யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தார். பெற்றவன் ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டார். தலைவர் நல்ல மனுஷன், எழுந்து நாற்காலி கொடுத்தார். கிழவர் உட்காரவில்லை.

"ஐயா, என் பையன் தப்புப் பண்ணினான். மறைக்க வேண்டாம். ரேஸை வித்தான். ஆனா சாகக் கிடந்த என்கிட்ட, சாமியார் நிக்கும்போதே, அவனே வாயைத் திறந்து ஒத்துக்கிட்டான். நான் மன்னிச்சிட்டேன். அவன் மேல எனக்கு இருந்த கோபம் உங்க யாருக்கும் இருந்திருக்காது. நானே மன்னிச்சப்புறம் நீங்களும் பெரிய மனசு பண்ணணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

தலைவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பெரின், உங்கள் அப்பாவிடம் இப்படிச் சொன்னீர்களா?"

சில்வியோ அப்பாவைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்ப்பது போல, சொல்லு சொல்லு என்று கிழவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சொன்னேன் ஐயா."

"சொன்னது உண்மையா?"

நான் எழுந்துவிட்டேன். "பொய் ஐயா, அவர் சாகப்போறார்னு நினைச்சு..." உட்காரச் சொன்னார்கள். சில்வியோ என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். அவனுக்குக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"உண்மைதான் ஐயா," என்றான்.

டாக்டர் தன் முன்னால் இருந்த கடிதத்தை மடித்தார். தலைவர் ஒரு நிமிஷம் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ புரிந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் எழுதுகிறவர் எழுதிக்கொண்டிருந்தார். வாயால் ஒத்துக்கொண்ட பிறகு அவரும் என்ன செய்வார்? முடிவைக் கடிதத்தில் அனுப்புகிறோம் என்று சொல்லி எழுந்தார். அவர் கிழவருக்குக் கை கொடுத்தார், சில்வியோவுக்குக் கொடுக்கவில்லை. ஆயுள் தடை என்று பத்து நாளில் வந்தது.

படியிறங்கும்போது நான் பின்னால் வந்தேன். பேசினால் வாயில் என்ன வருமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். முன்னால் அப்பாவும் மகனும். கிழவருக்குப் படி இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை, சில்வியோ அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தான். பாதிப் படியில் அவர் மூச்சு வாங்க நின்றார். முகமெல்லாம் வேர்வை, ஆனால் மலர்ந்திருந்தது.

"ஏன்டா, நான் பேசினது சரியா இருந்துச்சா?"

"நல்லா பேசினீங்கப்பா," என்றான் சில்வியோ. "பார்த்து இறங்குங்க, அடுத்த படி உடைஞ்சிருக்கு."